மூடுபனிக் கரையில் சீன இலந்தை: பூ கொட்டுகிறது, காய் நிற்கவில்லை

பசிபிகாவாசி (பசிபிகா, கலிபோர்னியா)

எல்லோருக்கும் வணக்கம். வீடு சான் பிரான்சிஸ்கோவுக்குத் தெற்கே பசிபிகாவில், கடற்கரைக்கு நடந்தே போய்விடலாம். பின்பக்கத் தோட்டத்தில் ஒரு சீன இலந்தை நிற்கிறது. லி ரகம், ஒட்டுக்கன்றாக வாங்கி வைத்தது. மரத்தில் ஒரு குறையும் இல்லை. இலை பளபளவென்று இருக்கிறது, பூச்சி அண்டவில்லை, நோய் இல்லை. மே மாதத்தில் துளிர்க்கிறது, ஜூலையில் இலைக்கு இலை பூ வைக்கிறது. ஆகஸ்ட் முடிவதற்குள் அத்தனையும் உதிர்ந்துவிடுகிறது. தப்பித் தவறிப் பிஞ்சு பிடித்தாலும் மிளகு அளவு வருவதற்குள் மஞ்சளாகி விழுகிறது.

வாங்கிய இடத்தில் கேட்டால், இன்னும் கொஞ்சம் பொறுங்கள், மரம் முதிர வேண்டும் என்கிறார்கள். சிலர் உரம் போடச் சொல்கிறார்கள், சிலர் துணைக்கு இன்னொரு மரம் வைக்கச் சொல்கிறார்கள். அமெரிக்க வேளாண் துறையின் குளிர் வரைபடத்தில் நாங்கள் இருப்பது மண்டலம் 10. குளிர்காலத்தில் உறைபனி என்று பெரிதாக எதுவும் கிடையாது. மண் மணல் கலந்தது, தண்ணீர் தேங்காது. பக்கத்து வீட்டு எலுமிச்சை வருஷம் முழுக்கக் காய்க்கிறது. மூட்டம் அடிக்கும் கடலோரத்தில் இந்த மரத்திலிருந்து பழம் பறித்தவர் யாராவது உண்டா?


ஒட்டுக்கத்தி (சான் ஹோசே)

தம்பி, உங்கள் மரத்துக்குக் குறை உரமும் இல்லை, வயதும் இல்லை. வெயில்தான்.

மண்டல எண்ணை முதலில் மறந்துவிடுங்கள். அந்த எண் குளிர்காலத்தில் எவ்வளவு தூரம் குளிரும் என்பதைத்தான் சொல்லும். கோடை எப்படி இருக்கும் என்பதற்கு அதில் இடமே இல்லை. அரிசோனாவின் ஃபீனிக்ஸும் சான் பிரான்சிஸ்கோவும் அந்த வரைபடத்தில் ஏறக்குறைய ஒரே மண்டலம். ஜூலையில் ஃபீனிக்ஸின் பகல் வெப்பம் சராசரியாக 41 டிகிரி செல்சியஸ். சான் பிரான்சிஸ்கோ நகருக்குள் 20 டிகிரி. உங்கள் கரைப்பக்கம் அதற்கும் கீழே, 17, 18 இருந்தால் அதிகம். ஒரே எண்ணை வைத்துக்கொண்டு இந்த இரண்டு ஊரிலும் ஒரே மரத்தை விற்கிறார்கள். எனக்கு இதில் உண்மையிலேயே வருத்தம் உண்டு. வாங்குபவர் வருஷக்கணக்கில் காத்திருக்கிறார்.

சீன இலந்தையின் சொந்த ஊர் வட சீனம். ஹெபெய், ஷான்டோங், ஷான்சி, ஹெனான் பக்கமெல்லாம் குளிர்காலத்தில் உறைந்து கிடக்கும், கோடையில் கொளுத்தும். அதனால் மரம் -25 டிகிரியையும் தாங்கும். ஆனால் பூக்கும் நேரத்தில் மகரந்தம் முளைத்துக் காய் பிடிக்க வேண்டுமானால் சூடு கட்டாயம். பெரும்பாலான ரகங்களுக்கு இரவு பகல் சேர்த்த நாள் சராசரி 22 முதல் 25 டிகிரி வரை இருந்தால்தான் நன்றாகக் காய் பிடிக்கும். ஜூலையில் உங்கள் ஊரின் நாள் சராசரி 15-ஐ ஒட்டித்தான் இருக்கும். இடைவெளி எவ்வளவு பாருங்கள்.

பூவைக் கிட்டே போய்ப் பார்த்திருப்பீர்கள். ஐந்து முனையோடு மஞ்சள் கலந்த பச்சை, நடுவில் தட்டுப் போல் ஒரு வட்டம், அதில் தேன் பளபளக்கும். ஒரு பூவுக்கு ஆயுள் ஏறக்குறைய ஒரே நாள். அந்த ஒரு நாளில் சூடு இருக்க வேண்டும், ஈ தேனீ வர வேண்டும். நல்ல வெயில் ஊரிலேயே நூறு பூவுக்கு ஒன்றிரண்டு நின்றால் அதுதான் சாதாரணம். குளிரில் அந்த ஒன்றிரண்டும் போய்விடுகிறது.


வெயில்காடு (லிவர்மோர்)

எங்கள் ஊரில் நட்டதோடு சரி, பிறகு அதைப் பற்றி நினைத்ததே இல்லை. செப்டம்பரில் கிளை தரை தொடுகிறது. ஜூலையில் இங்கே பகல் 32 வரை போகும். பசிபிகாவுக்கும் எங்களுக்கும் நடுவில் சான் பிரான்சிஸ்கோ வளைகுடாவும் இரண்டு மலைத்தொடரும்தான். அதற்குள் இவ்வளவு வித்தியாசமா என்று ஊரிலிருந்து வருபவர்கள் நம்பமாட்டார்கள்.

ரகத்தை மாற்றிப் பாருங்கள் தம்பி. ஹனி ஜார் வையுங்கள். வைத்த சீக்கிரத்திலேயே காய்க்கும்.


ஒட்டுக்கத்தி (சான் ஹோசே)

ரகத்துக்கு வருகிறேன். அதற்கு முன்னால் மூட்டத்தைப் பற்றிக் கொஞ்சம். இதைப் புரிந்துகொண்டால் மற்றதெல்லாம் தானாக விளங்கும்.

வசந்தத்திலும் கோடையிலும் கரையோரமாக வடமேற்குக் காற்று அடிக்கிறது. அது கடலின் மேல்நீரைக் கரையை விட்டுத் தள்ள, அடியில் கிடக்கும் குளிர்ந்த நீர் மேலே வருகிறது. ஈரக்காற்று அந்தக் குளிர்நீரின் மேல் படும்போது மூட்டமாகிறது. உள்நாட்டுப் பள்ளத்தாக்குகள் எவ்வளவு சூடாகின்றனவோ அவ்வளவு வேகமாக அந்த மூட்டம் உள்ளே இழுபடுகிறது. ஆக, லிவர்மோர் நன்றாகக் காயும் ஜூன், ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில்தான் பசிபிகா நடுங்குகிறது. நம் மரம் பூப்பதும் சரியாக அந்த மாதங்களில்தான்.

கரையில் வெயில் வருவது செப்டம்பர், அக்டோபரில். அப்போது கடைசிப் பூக்கள் சில நின்று காய் பிடிக்கக்கூடும். ஆனால் பிடித்த காய் பழுக்க மூன்று மாதம், சில ரகங்களில் அதற்கு மேலும் வேண்டும். செப்டம்பர் பாதியில் பிடித்த காய் டிசம்பரில் பழுக்க வேண்டும். நவம்பரிலேயே இலை உதிர்ந்துவிடும். இலை இல்லாத மரத்தில் இனிப்பு எங்கிருந்து ஏறும்?


மண்வாசம் (ஓக்லண்ட்)

அண்ணா சொல்வது அத்தனையும் சரி. ஆனாலும் நடுவில் இருக்கிற எங்களைப் போன்றவர்களுக்கு வழி உண்டு. ஓக்லண்டின் சமதளப் பகுதி, ஜூலையில் பகல் 22, 23. காலை முழுக்க மூட்டம், மதியம் விலகும். இங்கே நான் பழம் பறிக்கிறேன். நல்ல வருஷம் ஒரு கூடை, மூட்டம் விடாத வருஷம் கைப்பிடி.

வித்தியாசம் சுவரால் வந்தது. தென்மேற்கு பார்த்த சிமென்ட் பூச்சுச் சுவர், அதை ஒட்டி இரண்டடி தள்ளி மரம். மதியம் இரண்டு மணிக்குச் சுவரில் கை வைத்தால் சுடும், இருட்டிய பிறகும் வெதுவெதுப்பு இருக்கும். கடல்காற்று வரும் பக்கம் ஒரு மறைப்பு வேலி. காற்றை நிறுத்தாமல் சுவரை மட்டும் நம்பினால் பலன் பாதிதான். காற்று அந்தச் சூட்டை அள்ளிக்கொண்டு போய்விடும்.

அடியில் மரச்சீவல் மூடாக்கு போடவே மாட்டேன். எல்லாத் தோட்டக்காரர்களும் மூடாக்கு மூடாக்கு என்பார்கள். வெயில் ஊருக்கு அது நல்லது. குளிர்ந்த ஊரில் மண் சூடேறுவதையே அது தடுக்கும். கருஞ்சல்லி பரப்பியிருக்கிறேன். துளிர் விடுவது முன்னால் வந்திருக்கிறது. அது முன்னால் வந்தால் பூவும் முன்னால் வரும், பழுக்க நாள் கிடைக்கும்.

பூ நேரத்தில் தினமும் பார்ப்பேன். காலையில் இலை நுனியில் தண்ணீர் சொட்டிக்கொண்டிருக்கும், பூவில் ஒரு பூச்சிகூட இருக்காது. வெயில் சுவரில் பட்டுக் கொஞ்ச நேரம் ஆனதும் ஈ, எறும்பு, சின்னச் சின்னக் குளவி எல்லாம் எங்கிருந்தோ வந்துவிடும். மரத்தின் சுவர்ப் பக்கக் கிளையில் காய் நிற்கிறது, வேலிப் பக்கக் கிளையில் நிற்பதில்லை. ஒரே மரம்தான்.


பசிபிகாவாசி (பசிபிகா, கலிபோர்னியா)

அக்கா, அருமையான தகவல். என் மரம் தோட்டத்தின் நடுவில் திறந்தவெளியில் நிற்கிறது. சுவர் என்றால் கார் நிறுத்தும் பக்கம் தெற்கு பார்த்து ஒன்று இருக்கிறது. அங்கே மாற்றினால் போதுமா?

ரகம் பற்றியும் சொல்லுங்கள் அண்ணா. துணைமரம் அவசியமா?


ஒட்டுக்கத்தி (சான் ஹோசே)

மாற்றுவதற்கு முன் அளந்து பாருங்கள். குறைந்த வெப்பம், கூடிய வெப்பம் இரண்டையும் பதிந்து வைக்கும் சின்னத் தெர்மாமீட்டர் விலை அதிகமில்லை. அந்தச் சுவரருகே, பூ வரும் உயரத்தில், நேரடி வெயில் படாமல் தொங்க விடுங்கள். ஜூன் நடுவிலிருந்து ஆகஸ்ட் நடு வரை குறித்து வையுங்கள். பகல் வெப்பம் பெரும்பாலான நாளில் 24-ஐத் தொட்டால் முயற்சி செய்யலாம். 20 கூடத் தாண்டவில்லை என்றால் சுவரும் உதவாது. சுவர் வாங்கின வெயிலைத்தான் திருப்பிக் கொடுக்கும், மூட்டத்தில் அதற்கே வெயில் கிடையாதே.

இப்போது ரகம். வெயில்காடு சொன்ன ஹனி ஜார் நல்ல தேர்வுதான். பழம் சின்னது, சாறும் இனிப்பும் அதிகம், சீக்கிரம் பழுக்கும், இளம் மரத்திலேயே காய்க்கும். குளிர்ந்த ஊருக்கு நான் முதலில் சொல்வதும் அதையே. இரண்டாவது லி, பெரிய உருண்டைப் பழம், அதிகம் தாமதிக்காது. லாங் என்ற ரகம் பேரிக்காய் வடிவம், காயவைத்தால்தான் ருசி, துணைமரம் இருந்தால்தான் நன்றாகக் காய்க்கும். அதைத் தவிர்த்துவிடுங்கள். ஜிஏ 866 தேனாக இனிக்கும், ஆனால் வெயில் ஊரிலேயே கஞ்சத்தனமாகக் காய்க்கிற ரகம். ஷெர்வுட் பழுக்கத் தாமதம், அதுவும் வேண்டாம்.

ஆனால் ஹனி ஜார் வைத்தால் பசிபிகாவில் காய்க்கும் என்று நான் எழுதமாட்டேன். ஓக்லண்டில் ரகம் மாறினால் கைப்பிடி கூடையாகலாம். பசிபிகாவில் கைப்பிடியே சந்தேகம்.

துணைமரம்: சில ரகங்களில் பூ காலையில் விரியும், சிலவற்றில் மதியத்துக்கு மேல். இரண்டு வகையும் பக்கத்தில் இருந்தால் மகரந்தம் நன்றாகக் கலக்கும், காய் கூடும். லி தனியாகவும் காய்க்கும். உங்களுக்கு இப்போதைய சிக்கல் அது இல்லை.


நெல்லைச்செல்வி (டேலி சிட்டி)

எல்லோருக்கும் வணக்கம். நானும் மூட்டத்தில்தான் இருக்கிறேன். சீன இலந்தை சரிவராது என்றால் நம்ம ஊர் இலந்தையை வைத்தால் என்ன? அந்த மரம் கரட்டுக்காட்டில் யாரும் தண்ணீர் ஊற்றாமலே காய்க்குமே. அத்தை அடுத்த மாதம் வருகிறார்கள், கொட்டை எடுத்து வரச் சொல்லலாமா என்று யோசனை. இங்கே கடையில் வாங்குகிற காய்ந்த சீன இலந்தையில் நம்ம பழத்தின் புளிப்பே இல்லை.


ஒட்டுக்கத்தி (சான் ஹோசே)

வேண்டாம் அம்மா. இரண்டும் ஒரே குடும்பம் என்றாலும் குணம் வேறு. சீன இலந்தை குளிர்காலத்தில் இலையை உதிர்த்துத் தூங்கிவிடும். நம் ஊர் இலந்தை இலை உதிர்த்துத் தூங்கும் மரமில்லை, உறைபனி பட்டால் கருகிவிடும். அதைவிட முக்கியம் அதன் காலக்கணக்கு. நம் ஊரில் மழைக்கால வாக்கில் பூத்து, மார்கழி தை மாதங்களில் பழுக்கிறது. இங்கே அந்த மாதங்கள்தான் வருஷத்திலேயே குளிரும் மழையும் அதிகமான சமயம். கரட்டுக்காட்டில் தண்ணீர் இல்லாமல் வளர்கிறது என்பது உண்மை, ஆனால் அங்கே வெயிலுக்குப் பஞ்சமில்லை.

கொட்டையை அத்தை பெட்டியில் போட்டுக் கொண்டுவர வேண்டவே வேண்டாம். விதைப்பதற்கான விதைக்கும் ஒட்டுக்குச்சிக்கும் தாவர நலச் சான்றிதழ் முதலிய ஆவணங்கள் கேட்பார்கள். வேளாண் சோதனையில் பிடிபட்டால் அபராதம் வரை போகும். பூச்சி நோய் பரவுவது விளையாட்டான விஷயம் இல்லை.


மண்வாசம் (ஓக்லண்ட்)

செல்வி, புளிப்புக்கு ஒரு வழி சொல்கிறேன். காய்ந்த சீன இலந்தையைக் கொட்டை நீக்கி, வரமிளகாய், கல்லுப்பு, பெருங்காயம் சேர்த்து இடிக்கும்போது நல்ல பழம்புளி கொஞ்சம் சேருங்கள். வெல்லம் தேவையே இல்லை, பழத்திலேயே போதுமான இனிப்பு இருக்கிறது. தட்டிக் காயவைத்தால் இலந்தை வடைக்குப் பக்கத்தில் வந்துவிடும். எங்கள் வீட்டில் குழந்தைகள் இதைத்தான் கேட்கிறார்கள்.

மரத்தில் பறிப்பவர்களுக்கு ஒன்று. பச்சையாகப் பறித்து வைத்தால் பழுக்காது. மஞ்சள் கலந்து, தோலில் அங்கங்கே பழுப்புத் திட்டு விழுந்த செங்காய்ப் பருவத்தில் பறித்தால் ஆப்பிள் போல் நறுக்கென்று கடிபடும். முழுக்கச் சிவந்து சுருங்கும் வரை மரத்திலேயே விட்டால் பேரீச்சை மாதிரி ஆகும். கரையோரத்தில் அதுவரை விடாதீர்கள். அக்டோபர் மழை ஒன்று பெய்தால் தோல் வெடித்துவிடும்.


தேன்கூடு (வான்கூவர்)

வடக்கேயிருந்து ஒரு கருத்து. இங்கே ஜூலையில் பகல் 22, இரவு நன்றாகவே குளிரும். வெளியே வைத்த மரம் பூத்ததோடு சரி. பிளாஸ்டிக் தாள் போர்த்திய பசுமைக்குடிலுக்குள் பெரிய கறுப்புத் தொட்டியில் வைத்ததும் காய்க்கிறது. குளிர்காலத்தில் மரம் தூங்குவதால் குடிலைச் சூடாக்கும் செலவே இல்லை. வெப்பநாட்டு மரங்களுக்கு இந்த வசதி கிடையாது.

கவனிக்க வேண்டியது இரண்டு. பூ நேரத்தில் பக்கத்துத் தாளைச் சுருட்டி விடுங்கள், இல்லையென்றால் ஈ வராது. உள்ளே வறண்டு சூடானால் இலைச் சாறு உறிஞ்சும் சிவப்புச் சிலந்திப் பேன் வரும், இலையின் அடிப்பக்கத்தை அடிக்கடி திருப்பிப் பாருங்கள். தொட்டி மரத்துக்குத் தண்ணீரும் விடாமல் ஊற்ற வேண்டும். வறட்சி தாங்கும் மரம் என்பது வேர் ஆழமாகப் போன மரத்துக்குத்தான் பொருந்தும்.


வெயில்காடு (லிவர்மோர்)

சீனாவில் பூ நேரத்தில் அடிமரத்தில் வளையமாகப் பட்டை எடுப்பார்கள் என்று கேள்விப்பட்டேன். இலையில் செய்த சத்து வேருக்கு இறங்காமல் பூவுக்கே போகுமாம். தம்பி அதைச் செய்து பார்க்கலாமே?


ஒட்டுக்கத்தி (சான் ஹோசே)

அங்கே காலகாலமாகச் செய்கிற முறைதான், பலனும் உண்டு. ஆனால் அது தடித்த, வலுவான மரத்துக்கு, காயம் சீக்கிரம் ஆறும் வெயில் ஊருக்கு. பசிபிகாவில் மெல்லிய அடிமரத்தில் வளையம் எடுத்தால் காயம் ஆறாமலே போகலாம். மரமே போய்விடும். மகரந்தம் முளைக்காத இடத்தில் சத்தைத் தேக்கி வைத்து என்ன பயன்?

கவாத்து பற்றி யாரும் கேட்கவில்லை, ஆனாலும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இந்த மரம் மற்ற மரம் போல் இல்லை. ஓங்கி வளரும் தண்டை வெட்டினால் அது அங்கேயே நின்றுவிடும், புதுத் தண்டு கிளம்பாது. வெட்டுக்குக் கீழே இருக்கும் வளைந்து வளைந்து போகும் பக்கக் கிளையையும் அடியோடு எடுத்தால்தான் அந்தக் கணுவிலிருந்து புதுத் தண்டு வரும். ஒரு வெட்டு நிறுத்தும், இரண்டு வெட்டு கிளப்பும் என்பது சீன விவசாயிகளின் பேச்சு. இலையுதிர்காலத்தில் மெல்லிய குச்சிகள் இலையோடு சேர்ந்தே விழும், பயப்பட வேண்டாம். பூவும் காயும் வருவது அந்தக் குச்சிகளில்தான், வருஷா வருஷம் புதிதாக வரும்.


பசிபிகாவாசி (பசிபிகா, கலிபோர்னியா)

எல்லோருக்கும் நன்றி. இதைப் படித்துக்கொண்டே வீட்டில் பேசினோம். கார் நிறுத்தும் பக்கத்துச் சுவரில் ஜூலை முழுக்க வெயிலே விழாது, அது எங்களுக்குத் தெரியும். பசுமைக்குடிலுக்கு இடமில்லை. மச்சான் வீடு கான்கார்டில் இருக்கிறது. அங்கே ஜூலையில் 31, 32 போகும், தோட்டமும் காலியாகக் கிடக்கிறது. மரத்தை அங்கே கொண்டுபோய் நட்டுவிடலாம் என்று நினைக்கிறேன். மச்சானும் சரி என்றுவிட்டார். எப்போது, எப்படிப் பெயர்ப்பது?

இங்கே அந்த இடத்தில் என்ன வைக்கலாம்?


மண்வாசம் (ஓக்லண்ட்)

மிக நல்ல முடிவு தம்பி. அந்த மரம் காய்க்கிறதை நீங்கள் பார்க்க வேண்டும்.

இங்கே வைக்க, பக்கத்து வீட்டிலேயே விடை இருக்கிறது. அது மேயர் எலுமிச்சையாகத்தான் இருக்கும். மூட்டத்தில் அதைப் போல் காய்க்கும் எலுமிச்சை குறைவு. ஃபிராங்க் மேயர் என்பவர் அமெரிக்க வேளாண் துறைக்காக 1908-ல் சீனாவிலிருந்து கொண்டுவந்தது. நல்ல சீன இலந்தை ரகங்களை இந்த நாட்டுக்கு அனுப்பியவரும் அவரேதான். லோக்காட், ஃபெய்ஜோவா என்ற பழமரங்களும் வைக்கலாம். சான்டா ரோசா பிளம் கரையோரத்தில் காய்த்துப் பார்த்திருக்கிறேன்.


ஒட்டுக்கத்தி (சான் ஹோசே)

ஜனவரியில் பெயர்த்துவிடுங்கள், இலை முழுக்க உதிர்ந்து மரம் தூங்கும்போது. முந்தின நாள் நன்றாகத் தண்ணீர் விட்டு, அடிமரத்திலிருந்து முடிந்தவரை தள்ளி வட்டமாக வெட்டி, மண்ணோடு தூக்கி, ஈரச் சாக்கில் சுற்றுங்கள். கிளையில் மூன்றில் ஒரு பங்கைக் குறையுங்கள், வேர் குறைந்ததற்கு அது ஈடு. ஒட்டுப் போட்ட முடிச்சு மண்ணுக்கு மேலே தெரிய வேண்டும். ஒட்டுக்குக் கீழிருந்து முள்ளோடு கிளம்பும் எதுவும் காட்டு வேர்ச்செடியுடையது, அதை விட்டால் லி-யை அமுக்கிவிடும். வேரிலிருந்து தள்ளித் தள்ளி வரும் பக்கக் கன்றுகளும் அப்படித்தான். வந்ததும் பிடுங்கிவிடச் சொல்லுங்கள்.

பெயர்த்து நட்ட சீன இலந்தை அந்த வருஷம் ஜூன் வரைகூடத் துளிர்க்காமல் நிற்கும். மச்சான் செத்துவிட்டது என்று பிடுங்கிப் போட்டுவிடப் போகிறார், முன்கூட்டியே சொல்லி வையுங்கள். நகத்தால் பட்டையைக் கீறினால் உள்ளே பச்சை தெரியும், தெரிந்தால் உயிர் இருக்கிறது.


வெயில்காடு (லிவர்மோர்)

கான்கார்டில், மண்ணுக்குள் வளை தோண்டி வேரைத் தின்னும் கோஃபர் எலித் தொல்லை அதிகம். குழிக்குள் கம்பிக் கூடை வைத்து நடுங்கள், வாய்ப்பக்கம் மண்ணுக்கு மேல் இரண்டு அங்குலம் தெரியட்டும். முதல் இரண்டு கோடைக்கு வாரம் ஒரு முறை ஆழமாகத் தண்ணீர் விட்டால் போதும், அதற்குப் பிறகு மரம் பார்த்துக்கொள்ளும். வேண்டுமானால் ஹனி ஜார் ஒட்டுக்குச்சி என் மரத்திலிருந்து பிப்ரவரியில் வெட்டித் தருகிறேன். ஈரத்துணியில் சுற்றி ஃபிரிட்ஜில் வைத்திருந்து, ஏப்ரலில் லி-யின் ஒரு கிளையில் ஒட்டிக்கொள்ளலாம்.


பசிபிகாவாசி (பசிபிகா, கலிபோர்னியா)

கட்டாயம் வாங்கிக்கொள்கிறேன் சார். கம்பிக் கூடைக்கு எத்தனை அங்குலக் கண்ணி உள்ள வலை வாங்க வேண்டும்?


வெயில்காடு (லிவர்மோர்)

முக்கால் அங்குலம் போதும். துத்தநாகம் பூசியதாகப் பார்த்து வாங்குங்கள், மற்றது சீக்கிரம் துருப்பிடித்துவிடும்.